போர்டு அவுட் ஆகும் படைவீரருக்குத் தொண்டு அமைப்பு எதுவரை உதவ முடியும்?

உங்கள் தம்பி தரைப்படையில் எட்டு ஆண்டு பணி முடித்தவர். மலை உயரத்தில் பணியில் இருந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. இப்போது ராணுவ மருத்துவமனையில் மெடிக்கல் போர்டு, அதாவது படையில் தொடரலாமா என்று முடிவு செய்யும் மருத்துவக் குழுவின் பரிசோதனை நடக்கிறது. 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல' என்று, அதாவது படையில் சொல்வதுபோல் 'நானா' என்று எழுதி அனுப்பப் போகிறார்கள் எனத் தெரிந்து கேட்கிறீர்கள். நோய்ப்பட்ட, காயம்பட்ட வீரர்களுக்காக வாதாடும் தொண்டு அமைப்பிடம் போகலாமா என்பது ஒரு கேள்வி. ஊரில் ஒருவர் வரும் அரியரில் 20 சதவீதம் கேட்கிறாரே, கொடுக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: படைக்கு வெளியே இருக்கும் ஓர் அமைப்பால், மருத்துவக் குழுவின் முடிவை மாற்ற வைக்க முடியுமா? நேராக முடியாது. குழுவின் அறைக்குள் வெளியாள் யாருக்கும் இடமில்லை. ஆனால் குழுவின் முன் என்னென்ன காகிதம் போகிறது, உங்கள் தம்பி தன் வாக்குமூலத்தில் என்ன எழுதுகிறார் என்பதில் நல்ல அமைப்பால் நிறையச் செய்ய முடியும். அதைச் செய்யும் நேரம் இதுதான், அவர் வீட்டுக்கு வந்த பிறகு அல்ல. நான் வழக்கறிஞரும் அல்ல, மருத்துவரும் அல்ல. போர்டு அவுட் ஆனவர்களின், அதாவது உடல்நலக் காரணத்தால் படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் கோப்புகளைப் படித்து மேல்முறையீட்டுக்குத் தயார் செய்யும் தொண்டுப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த வரம்புக்குள் நின்று சொல்கிறேன்.

போர்டு மூன்று விஷயங்களை முடிவு செய்கிறது, இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவது, அவர் படையில் தொடரத் தகுதியானவரா என்பது. 'ஷேப்' என்ற அளவுகோலில் மனநிலை, செவி, கை கால், உடல்திறன், பார்வை என ஐந்தையும் 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். 5 என்றால் படைக்கே தகுதியில்லை. இரண்டாவது, இயலாமை எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, அந்த நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு உண்டா என்பது. முதல் முடிவை எதிர்த்துப் போராடுவதில் பெரும்பாலும் பயனில்லை. துப்பாக்கி ஏந்துபவருக்கு வலிப்பு இருந்தால் அனுப்பத்தான் செய்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பணம், மருத்துவ வசதி, முன்னாள் படைவீரர் என்ற தகுதி எல்லாம் தொங்குவது மூன்றாவது முடிவில். குடும்பங்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு மூன்றாவதைக் கோட்டை விட்டுவிடுகின்றன.

அந்த ஒரு முடிவு என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் ராணுவப் பணி ஊதியமும் சேர்த்துக் கடைசியாக மாதம் 32,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றால் டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது இயலாமை ஓய்வூதியம், இரண்டு பங்காக வரும். பணிப் பங்கு சம்பளத்தில் பாதி, அதாவது 16,000. இயலாமைப் பங்கு 100 சதவீத இயலாமைக்குச் சம்பளத்தில் 30 சதவீதம், இங்கே 9,600. போர்டு 20 சதவீதம்தான் கொடுத்தது என்றால் கணக்குப்படி 1,920 வர வேண்டும். ஆனால் உடல்நலக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு 2001 ஜனவரி 31 தேதியிட்ட அரசாணைப்படி 50-க்குக் கீழே உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கும் மேலே உள்ளது 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்படும். எனவே 4,800. ஆக மொத்தம் 20,800, அதன்மேல் அகவிலைப்படி, வாழ்நாள் முழுக்க. கூடவே முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவ வசதி. தொடர்பு இல்லை என்று எழுதிவிட்டால், பத்து ஆண்டு பணி நிறைவடையாத ஒருவர் பல காலமாகப் பணிக்கொடையை மட்டும் வாங்கிக்கொண்டு வெறுங்கையாகத்தான் ஊர் திரும்பினார். படிவத்தில் ஒரு கட்டத்தில் போடும் குறி ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 எனப்படுவது. அதில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வீரரின் சொந்த வாக்குமூலம். எங்கெங்கே பணி செய்தார், அமைதிப் பகுதியா களப் பகுதியா, நோய் முதலில் எந்தத் தேதியில் எந்த இடத்தில் தொடங்கியது, படையில் சேர்வதற்கு முன் இதுபோல ஏதும் இருந்ததா, பணியில் நடந்த எந்தச் சம்பவம் இதற்குக் காரணம் அல்லது இதைக் கூட்டியது என்று நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கும். பல பேர் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். எழுத்தர் அப்படி எழுதச் சொன்னார் என்பார்கள், அல்லது வலிப்பு மருந்தின் மந்தத்தில் எதையும் யோசிக்காமல் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லைப் பின்னாளில் அரசுத் தரப்பு எல்லா இடத்திலும் எடுத்துக் காட்டும். மற்ற இடம் போர்டின் கருத்து. பணியால் வந்ததா, பணியால் கூடியதா, தொடர்பில்லையா என்று எழுதிவிட்டு, அதற்கான காரணத்தையும் குழு எழுத வேண்டும்.

காரணத்தை எழுதாமல் விடும்போதுதான் வழக்கு வலுப்பெறுகிறது. இதற்கு அடிப்படைத் தீர்ப்பு தரம்வீர் சிங் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2013 ஜூலை. உங்கள் தம்பியின் நிலைக்கு மிக அருகில் உள்ள வழக்கு அது. அவர் 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து, 1994-இல் வலிப்பு நோய்க்காக 20 சதவீத இயலாமையோடு வெளியேற்றப்பட்டவர். படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பில் எந்த நோயும் பதிவாகவில்லை. நோய்க்கு உங்கள் கருத்துப்படி காரணம் என்ன என்று படிவம் கேட்ட இடத்தில், 'ஆம், ராணுவப் பணியோடு தொடர்பில்லை' என்று குழு எழுதியிருந்தது. காரணம் கேட்டால் 'ஆம்' என்று பதில். நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது குறை ஏதும் பதிவாகவில்லை என்றால் வீரர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் நோயால் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்தது அல்ல என்று நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்கே. சேரும்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் இன்னொரு படி மேலே போய், ஒருவரை உடல்நலக் காரணத்தால் வெளியேற்றிவிட்டால் அவருடைய இயலாமை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு வெற்றி உறுதி என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். தரம்வீர் சிங் வழக்கு இயலாமை ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகளின் அடிப்படையில் தீர்க்கப்பட்டது. நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்ற அனுமானத்தை 2008 விதிகள் மெலிதாக்கிவிட்டன. சேரும்போது நடக்கும் பரிசோதனை முழுமையானது அல்ல, மறைந்திருக்கும் நோய் பின்னால் வெளிப்படலாம், பணியில் இருந்தபோது நோய் தெரிந்தது என்பதாலேயே பணிதான் காரணம் ஆகிவிடாது என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. இப்போது வெளியேறும் உங்கள் தம்பிக்கு இவைதான் பொருந்தும். ஆகவே பழைய தீர்ப்பின் நகலை இணைத்துவிட்டால் போதும் என்ற நாள் போய்விட்டது. உச்ச நீதிமன்றமே எல்லா வழக்கிலும் வீரர் பக்கம் நின்றதும் இல்லை. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோயில் வெறும் அனுமானம் மட்டும் போதாது என்று ஓய்வூதியத்தை மறுத்தது. 2025-இல் ராஜுமோன் வழக்கில், அதே மனச்சிதைவு நோய்க்கு, குழு காரணம் எழுதாததைச் சுட்டி ஓய்வூதியம் வழங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: காரணம் எழுதப்படாத போர்டு இன்றும் பலவீனமான போர்டுதான். காரணம் எழுதப்பட்டிருந்தால் அந்தக் காரணத்தை மருத்துவ ஆதாரத்தோடு உடைக்க வேண்டும். நோயின் பெயரை வைத்து மட்டும் ஜெயிக்க முடியாது.

வலிப்பு நோய்க்கு அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி ஒன்று உண்டு. அதன் 2008 பதிப்பில் வலிப்பு பற்றிய பத்தி, இது பிறவியிலேயே உள்ளது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம் என்கிறது. தலைக்காயம், மூளைக்காய்ச்சல், மூளையில் நாடாப்புழுக் கட்டி, காசநோய், உயரமான இடத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைதல் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. தூக்கமின்மை, மன அழுத்தம், உடல் மனச் சோர்வு, காய்ச்சல், பெருத்த ஓசை ஆகியவை வலிப்பைத் தூண்டக்கூடியவை என்றும் சொல்கிறது. போர்முனை, கடும் பயிற்சி, உயரப் பகுதிப் பணி போன்றவற்றின்போது அல்லது அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் வலிப்பு வந்தால் பணியால் வந்ததாக ஏற்கலாம், மரபுக்கூறு மேலோங்கி ஆறு மாதம் கழித்து வந்தால் பணியால் கூடியதா என்று பார்க்கலாம் என்பது அதன் போக்கு. புதிய விதிகளோடு வந்திருக்கும் வழிகாட்டி தனி, வாசகங்களை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் மூளை பற்றிய மருத்துவ உண்மைகள் அரசாணையால் மாறுவதில்லை. எனவே உங்கள் தம்பிக்கு எடுத்த எம்ஆர்ஐ அறிக்கை, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜி அறிக்கை, முதல் வலிப்பு வந்த அன்று யூனிட் மருத்துவர் எழுதிய குறிப்பு, அந்த நாளுக்கு முந்தைய ஆறு மாதம் அவர் எங்கே எவ்வளவு உயரத்தில் என்ன பணியில் இருந்தார் என்ற விவரம், இவை நான்கும்தான் கோப்பின் முதுகெலும்பு. எம்ஆர்ஐயில் புழுக்கட்டியோ பழைய காயத்தின் தழும்போ தெரிந்தால் வாதமே வேறு, அதை முதலில் பாருங்கள்.

போர்டு முடிவதற்குள் அவர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வாக்குமூலப் பகுதியை அவரே தன் கையால், அவசரமில்லாமல் நிரப்பட்டும். எந்தச் சாவடி, எத்தனை மாதம், இரவுக் காவல் எத்தனை மணி நேரம், முதல் வலிப்பு நடந்தபோது கூட இருந்தவர்கள் யார் என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மிகைப்படுத்தக் கூடாது. யூனிட்டின் பதிவேட்டில் உள்ளதோடு ஒரு தேதி பொருந்தாமல் போனால் மீதி எல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். அடுத்தது, மருத்துவமனை நோயாளிக் குறிப்பேட்டில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். இந்த இடத்தில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சலில் ஒருமுறை வெட்டி இழுத்ததை மருத்துவரிடம் சாதாரணமாகச் சொல்லியிருப்பார். அது 'சிறுவயது முதல் வலிப்பு' என்று பதிவாகி, படையில் சேர்வதற்கு முன்பே இருந்த நோயாக மாறிவிடும். காய்ச்சல் வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு. பதிவு தவறு என்றால் சிகிச்சை அளிக்கும் நரம்பியல் நிபுணரிடமே எழுத்து மூலம் திருத்தம் கேட்க வேண்டும். ஆனால் உண்மையிலேயே சேர்வதற்கு முன் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மறைக்க யாரும் ஆலோசனை சொல்லக் கூடாது, நல்ல அமைப்பு எதுவும் சொல்லாது. மூன்றாவது, கமாண்டிங் ஆபீசரின் அறிக்கை. அவர் பணியின் தன்மை பற்றி எழுதுவது போர்டின் முன் போகும். சுபேதார் மூலமாகவோ கம்பெனிக் கமாண்டர் மூலமாகவோ மரியாதையாகக் கேட்டால், உயரப் பகுதிப் பணி நாட்களைச் சரியாகக் குறிப்பிட்டுத் தருவார்கள். பெரும்பாலான அதிகாரிகள் தங்கள் ஜவானுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றே நினைக்கிறார்கள், கேட்பாரில்லாமல்தான் அறிக்கை இரண்டு வரியில் முடிகிறது. நான்காவது, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். குறிப்பாக, மாற்றுப் பணியில் தொடர விருப்பமில்லை என்ற தாள். மருத்துவத் தரம் (கேட்டகரி) குறைந்தவருக்கு ஏற்ற வேலை இல்லை என்று படை அனுப்பினால் அது உடல்நலக் காரணத்தால் வெளியேற்றியதற்குச் சமம். அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிலை வேறு.

இப்போது தொண்டு அமைப்புகள். இந்தப் பெயரில் பலவகை உண்டு, ஒவ்வொன்றும் செய்வது வேறு. வார் வூண்டட் ஃபவுண்டேஷன் போன்றவை போரிலும் பணியிலும் உறுப்பிழந்தவர்களுக்கானவை. அதை நிறுவியவர்களில் முதன்மையானவரான லெப்டினன்ட் ஜெனரல் விஜய் ஓபராய், 1965 போரில் காலை இழந்த பின்னும் படையில் தொடர்ந்து துணைத் தளபதி வரை உயர்ந்தவர். இத்தகைய அமைப்புகள் மறுவாழ்வு, செயற்கை உறுப்பு, தொழிற்பயிற்சி, அரசிடம் கொள்கை அளவில் வாதாடுவது ஆகியவற்றில் வலுவானவை. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்குப் புனேயை அடுத்த கிர்க்கியிலும் மொஹாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையமும், ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. முன்னாள் படைவீரர் சங்கங்கள் இன்னொரு வகை. மாவட்டக் கிளைகளில் கோப்பு படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க் ஒருவராவது இருப்பார். உங்களுக்கு இப்போது வேண்டியவர் அவர்தான். வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எந்தக் கடிதம் எந்த எண்ணைக் குறிப்பிட்டுப் போக வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். அது அரசு அலுவலகம், தொண்டு அமைப்பு அல்ல. ஆனால் அங்கே பதிவு செய்த பிறகுதான் கொடிநாள் நிதி உதவிகள், கல்வி உதவி, வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம்.

கொள்கை அளவில் வாதாடுவது உங்கள் தம்பிக்கு நாளைக்கே பயன் தராது என்றாலும் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இயலாமைப் பங்கை உயர்த்திக் கணக்கிடும் சலுகை முதலில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அரசு போட்டிருந்த நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகள் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தில்லி வரை போய் வழக்காட வசதியில்லாத ஒரு சிப்பாயோ ஹவில்தாரோ இருந்தார். 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் அமைத்த நிபுணர் குழு, ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக அமைச்சகம் தொடர்ந்து மேல்முறையீடு செய்யும் போக்கைக் கடுமையாக விமர்சித்தது. தனித்தனிக் கோப்புகளைச் சேர்த்து வைத்து, ஒரே தவறு எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது என்று காட்டும் வேலையை அமைப்புகளால்தான் செய்ய முடியும். உங்கள் தம்பியின் போர்டு தாளில் காரணப் பத்தி காலியாக இருந்தால், அதன் நகலை இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்து வைப்பது அடுத்து வருபவருக்கு நீங்கள் செய்யும் உதவி.

20 சதவீதம் கேட்பவருக்கு என் பதில்: கொடுக்காதீர்கள். அவர் வழக்கறிஞர் என்றால், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளுக்கு எதிரானவை. வழக்கறிஞர் இல்லை என்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் அவர் என்ன செய்யப் போகிறார்? உள்ளே ஆள் இருக்கிறது என்பவரை அன்றே விலக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக இலவச சட்ட உதவி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி உண்டு. 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்றே வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம். ஓய்வூதிய வழக்கில் அனுபவமுள்ள வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், இது எல்லோருக்கும் பழக்கமான துறை அல்ல. தொண்டு அமைப்பை எப்படிச் சோதிப்பது என்றால், அதன் பதிவு எண், தணிக்கை செய்த கணக்கு, ஆண்டறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் வேண்டாம். அசல் டிஸ்சார்ஜ் புக், அசல் போர்டு தாள், ஆதார், வங்கிக் காசோலை எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். நகலும் 'இந்த மேல்முறையீட்டுக்காக மட்டும்' என்று எழுதிய ஓர் அங்கீகாரக் கடிதமும் போதும். ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவர் எந்த அமைப்பின் பெயரைச் சொன்னாலும் தராதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் காலக்கெடு ஓடத் தொடங்கும். ஓய்வூதியம் மறுத்து ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். தம்பி மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரில். அந்தக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. இவற்றோடு கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு போர்டு நடவடிக்கைகள் முழுவதும், சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் படிவம், மருத்துவமனைக் குறிப்பேடு, பணியிட விவரம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். அவருடைய சொந்த ஆவணம் என்பதால் மறுக்க இடமில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். மேல்முறையீட்டில் 'ஏழைக் குடும்பம், கருணை காட்டுங்கள்' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். போர்டு எந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை, எந்த ஆவணத்தைப் பார்க்கவில்லை, வழிகாட்டியின் எந்த வரிக்கு மாறாக முடிவெடுத்தது என்பது மூன்று பக்கத்தில் அடங்கும். அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், நமக்குச் சென்னை அமர்வு. இறுதி மறுப்புக் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்பதை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தாமதமானாலும் வழி முற்றாக அடைபடாது. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் பின்னாளில் போனாலும் ஏற்பார்கள். ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் சொன்னபடி, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு அரியர் மட்டுமே கிடைக்கும். ஓய்வூதியம் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு கழித்து அழித்துவிடுவார்கள். இப்போதே நகல் எடுத்து வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா இடத்திலும் 'நானா' நிலைத்துவிட்டாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. 2020 ஜூலை 16 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணைப்படி, 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்கள், பத்து ஆண்டுக்குக் குறைந்த பணியில் வெளியேற்றப்பட்டாலும் இன்வேலிட் பென்ஷன், அதாவது உடல் தகுதி இழந்தவருக்கான ஓய்வூதியம், பெறலாம். அதற்கு ஒரு நிபந்தனை: ராணுவப் பணிக்கு மட்டுமல்ல, சிவில் வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று போர்டு சொல்லியிருக்க வேண்டும். இந்த நிபந்தனை கொடுமையானது என்பதே என் கருத்து. மருந்தில் கட்டுப்பட்ட வலிப்பு உள்ள இளைஞர் அலுவலக வேலை பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும். அப்படி எழுதி வாங்கினால் நாளை அரசு வேலைக்குப் போகும்போது அதே தாள் குறுக்கே நிற்கும். எழுதாவிட்டால் ஓய்வூதியம் இல்லை. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது, வெளியாள் சொல்லக் கூடாது. உங்கள் தம்பி அக்னிபாத் திட்டத்துக்கு முன் சேர்ந்தவர் என்பதால் இவையெல்லாம் பொருந்துகின்றன. இதைப் படிக்கும் அக்னிவீரர் குடும்பங்களுக்கு ஒரு வரி: உங்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, பணியால் வந்த இயலாமை என்று ஏற்றால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ஒருமுறைத் தொகை. ஆகவே அந்தக் காரணப் பத்தி உங்களுக்கும் அதே அளவு முக்கியம்.

கடைசியாக, வழக்கைவிட முந்தியது ஒன்று. மருத்துவமனையிலிருந்து வரும்போது ஒரு மாத மாத்திரைதான் கையில் இருக்கும். ஓய்வூதிய ஆணை வந்து இசிஎச்எஸ் அட்டை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். வலிப்பு மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் அடுக்கடுக்காக வலிப்பு வரும் அபாயம் உண்டு. எனவே வந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் பதிவு செய்து, ராணுவ மருத்துவமனைச் சுருக்கத்தைக் காட்டி அதே மருந்தைத் தொடரச் செய்யுங்கள். அந்தச் சீட்டில் தேதியோடு எழுதப்படும் ஒவ்வொரு வலிப்பும், ஒவ்வொரு மருந்து அளவு மாற்றமும் மேல்முறையீட்டுக் கோப்பிலும் சேரும். மருத்துவர் அனுமதிக்கும் வரை வண்டி ஓட்டவும், தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ குளிக்கவும் விடாதீர்கள்.